வீடு யார் பேரில், ராத்தா?

அன்பு ராத்தா,

நீங்கள் அடங்கியிருக்கும் கபுறடியைக் கடக்கும்போதெல்லாம் பஸ்ஸுக்குள் இருந்தே உங்களுக்கு ஸலாம் சொல்வேன். இன்றைக்கு எழுதியே சொல்கிறேன். பயமாக இருக்கிறது ராத்தா. வேறு யாரிடம் போய்ச் சொல்ல?

கடல் நம் வீட்டு வளவுக்குக் கிட்ட வந்துவிட்டது. நம் வாப்பா உங்களுக்குச் சீதனமாகக் கட்டித் தந்த வீட்டின் முன்னால் நின்ற தென்னைகளில் ஒன்றும் மிச்சமில்லை. கரையோரக் குடும்பங்களையெல்லாம் இறக்காமம் பக்கம், வயல்களுக்கு அப்பால் கட்டும் புது வீடுகளுக்குக் கொண்டுபோகப் போகிறார்களாம். கடலோடு மல்லுக்கட்ட ஏலாது, போகத்தான் வேண்டும். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்த இடத்தைப் பார்த்து வந்தவர்கள் சொன்ன கதை நித்திரையைக் கெடுக்கிறது. தண்ணீர்க் குழாய் இன்னும் வரவில்லை. பொழுதுபட்டால் பஸ் இல்லை. ரோட்டில் யானை நிற்குமாம். உங்கள் மகள் ஸிஹானாவுக்குப் பேசி வைத்திருக்கும் மாப்பிள்ளை தோணிக்காரன். கலியாணம் முடித்து அவள் வீட்டில் குடியிருந்தால், சுபஹுத் தொழுகைக்கு முந்திக் கடலுக்கு இறங்குகிறவன் அந்த ரோட்டால் எப்படி வருவான்?

இதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. வீடு அளந்து பேர் பதிய அலுவலகத்து ஆட்கள் வந்த நாள், உங்கள் நினைவுக்கு ஓதிச் சோறு கொடுக்கும் வருசக் கத்தம். ஸிஹானாவின் வாப்பா, நம் மச்சான், பொத்துவிலிலிருந்து வந்திருந்தார். நான் குசினியில் நெய்ச்சோற்றுச் சட்டியோடு நின்றேன். வாசலில் அந்நிய ஆம்பிளைகளின் குரல் கேட்டால் நம் வீட்டுப் பெண்கள் என்ன செய்வோம்? அதைத்தான் உங்கள் மகளும் செய்தாள். திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு, "வாப்பா, நீங்க போய்க் கதைங்க" என்றாள்.

அவர் போய்க் கதைத்தார். "குடும்பத் தலைவர் ஆரு?" என்று கேட்டிருக்கிறார்கள். "நான்தான்" என்று சொல்லியிருக்கிறார். புது வீடு அவர் பேரில் விழுந்துவிட்டது. நான் இருக்கும் பின் அறையை ஒருவரும் எட்டியும் பார்க்கவில்லை. ஒரு வளவுக்குள் ரெண்டு உலை கொதித்தாலும் ஒரு குடும்பம்தானாம்!

மச்சான் கெட்ட மனுசன் இல்லை, உங்களுக்குத் தெரியாததா? நீங்கள் மவுத்தான பிறகு பொத்துவிலில் கலியாணம் முடித்து, நம் வழக்கப்படி அந்தப் பெண்ணின் வீட்டுக்கே போய்விட்டார். அங்கேயும் அவருக்கு ரெண்டு பெண்பிள்ளைகள். அவர்களும் நாளைக்குக் கலியாணத்துக்கு நிற்கும் கொமருகள்தானே; இந்த வீட்டை அவர்களுக்குக் கொடுக்க அவர் நினைத்தால்? வீடில்லாத கொமரை இந்தக் கரையில் யார் கலியாணம் பேசி வருவார்?

பிறகு அலுவலகத்தார் வைத்த கூட்டத்தில், வந்திருந்த பெண் அதிகாரியிடம் எழும்பிக் கேட்டேன். "மிஸ், எங்கட ஊருல வீடு பொம்புளப் புள்ளைக்குத்தான். உம்மாட வீடு மகளுக்கு. நீங்க ஆம்புளைட பேர எழுதினா இந்தப் புள்ள நடுறோட்டுல நிக்கும்."

மிஸ் நல்ல பிள்ளை. "ஓம், விளங்குது. புதன்கிழமை திரும்ப வாறம். அப்ப வீடு ஆருக்கெண்டு அவரே சொல்லட்டும்" என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள், "வாய மூடிட்டு இரு, உள்ளதும் போயிரும்" என்று என் முக்காட்டைப் பிடித்து இழுத்தார்கள்.

நான் கேட்டது பெரிய காரியமா ராத்தா? ஏழையை எழுப்பி வேறிடத்தில் குடிவைக்கிறவர்கள் கூரையை எண்ணாமல் உலையை எண்ணட்டும். யாருடைய வீட்டை எடுக்கிறார்களோ அவள் பேரிலேயே புது வீட்டை எழுதட்டும். தண்ணீரும் பஸ்ஸும் முதலில் போகட்டும், மனிதர்கள் பிறகு போகலாம்.

நாளை புதன். மச்சானுக்குப் போன் எடுத்தேன். "நாளைக்கு என்ன சொல்லப் போறீங்க மச்சான்?"

 "வந்து கதைப்பம் புள்ள" என்று வைத்துவிட்டார். அல்லாஹ்வே, வீடு மகளுக்குத்தான் என்று அவர் சொல்லவில்லை. ஸிஹானாவிடம் நான் இதைச் சொல்லவில்லை. வாப்பா வருகிறார் என்று அவருக்குப் பிடித்த மீனை வாங்கிக் கழுவி வைத்திருக்கிறாள்.

நாளைக்கு வாசலில் குரல் கேட்டால் மச்சானைப் போகச் சொல்லமாட்டேன். உங்கள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, திரையை விலக்கி, நானே போவேன். "இது இவள்ட உம்மாட வீடு, இவள்ட பேர எழுதுங்க" என்பேன். மச்சானின் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டி வந்தாலும் சொல்வேன். குரல் நடுங்கும் ராத்தா. நடுங்கட்டும்.

உங்கள் கொமரின் கையை விடாத,
தங்கச்சி