மூன்றாம் தரம்

மார்ச் 13

இல்லை, தண்டோரா போட்டார்கள். அதில் பொய் இல்லை. நேற்றுக் காலை எங்கள் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ் அமர்த்திய ஆட்டோ ஊருக்குள் போனது. ஒலிபெருக்கியில் முதலில் பதிவு செய்த மேளம், பிறகு ஏரிக்கரை நிலத்தின் குத்தகை ஏல அறிவிப்பு. ஊரில்தான் ஆள் இல்லை. நேற்று மாசிமகம். சாமியோடு எல்லோரும் வைத்திக்குப்பம் கடற்கரையில்.

டிரைவர் சிலம்பரசன் வந்து சொன்னான்: "ஒரு நாய் மட்டும் கடைசி வரைக்கும் நின்னு கேட்டுச்சு சார். டெபாசிட் கட்டினாலும் கட்டும்."

சூப்பிரண்டு இளஞ்செழியன் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ஊர்ல ஆள் இருக்கணும்னு ரூல்ல எங்கய்யா இருக்கு? தண்டோரா போடணும். போட்டாச்சு."

மேசைக்கு மேசை சிரிப்பு. என் வாயும் அசைந்ததோ? வீட்டுக்கு வந்து நெடுநேரம் பல் துலக்கினேன்.

மார்ச் 14

ஏலத்தில் தரம் சொல்லும் வேலை எனக்கு. "தமிழ் எம்.ஏ. தொண்டை, கணீர்னு இருக்கும்" என்றார் சூப்பிரண்டு. தற்காலிக ஊழியருக்கு இது மரியாதையாம்.

மார்ச் 17

பெரிய மார்க்கெட். அந்த ஏரிக்கரை நிலத்தில் இன்னும் நான்கு பெண்களோடு கனகாம்பரம் பயிரிடுகிற கன்னியம்மாள் பூவை முழம் போட்டுக்கொண்டிருந்தாள். நாளைக்கு ஏலம் என்றேன்.

"போ புள்ள. தண்டோரா போடாம ஏலமா? காதத் தீட்டிக்கினு இல்ல உக்காந்திருக்கேன்."

"போட்டாங்கக்கா. மாசிமகத்தன்னிக்கு."

கை பாதி முழத்தில் நின்றது.

"சாமி கூடப் போனது தப்பா, புள்ள?"

டெபாசிட் கட்டினால்தான் ஏலம் கேட்கலாம் என்று மட்டும் சொன்னேன்.

"காலையில தோட்டை அடகு வச்சிட்டு வந்துடறேன். அதுவரைக்கும் மூணாந் தரம் மட்டும் சொல்லிடாத."

மார்ச் 18

ரிசார்ட் முதலாளி வினோத்குமார் ஏலம் கேட்டான். பக்கத்தில் போட்டிக்கென்று அவனுடைய மச்சான். ரிசார்ட்டுக்குக் கார் நிறுத்த இடம் வேண்டுமாம்.

ஒரு தரம் என்றேன். இரண்டு தரம்.

அங்கே நின்றுவிட்டேன். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே எவ்வளவு நேரம் என்று அவர்களுடைய எந்த ரூலிலும் இல்லை. தண்ணீர் குடித்தேன். சன்னல் வழியே சாலை. பஸ் வரவில்லை.

"இன்னாம்மா, தொண்டை அடச்சிக்கிச்சா?" என்றார் சூப்பிரண்டு.

"எம்.ஏ.ல ரெண்டு வரைக்கும்தான் சொல்லிக் குடுத்தாங்க போல" என்றான் மச்சான்.

இளஞ்செழியன் எழுந்து, என் முகத்தைப் பார்த்தபடியே, "மூணு தரம்" என்றார். கைதட்டல். எல்லோருக்கும் காபி. எனக்கும் ஒன்று வைத்தார்கள் — ச்சீ.

காபி ஆறுவதற்குள் கன்னியம்மாள் வந்தாள். காதுத் துளைகளில் வேப்பங்குச்சி.

"சொல்லிட்டியா?"

"நான் சொல்லலக்கா."

எவ்வளவு அற்பமான பதில்.

அவளோடு பஸ் ஏறி டவுனுக்குப் போனேன். தண்டோரா எந்த நாளில் போடப்பட்டது, அன்று ஊர் எங்கே இருந்தது என்று எழுதி, கீழே என் பெயரையும் வேலையையும் போட்டு, கலெக்டர் ஆபீசில் கொடுத்தேன்.