பாப்பா ஒளித்து வைத்த ஷூ

மார்ச் 10, திங்கள்

வெயில் கொளுத்துகிறது. கம்பெனி பஸ்ஸில் எழுதுகிறேன். கடல் பாலத்தில் ஏறியாயிற்று, கையெழுத்து கோணல்.

இன்று முதல் நான் லைன் லீடர். அக்கரையில் புக்கிட் தெங்கா ஃபேக்டரி, மதியம் இரண்டு முதல் இரவு பத்து. ஆப்பரேட்டராக நின்று கால் வீங்கிய அதே லைன். சட்டைகூட வேறு, நீலம் போய் மஞ்சள். காலையில் கண்ணாடி முன் கொஞ்சம் அதிகமாகவே நின்றுவிட்டேன். இவர் பார்த்துவிட்டார். "போதும்லா மேடம், கண்ணாடி ஒடஞ்சிரும்." பொறாமை!

பாப்பா ஏற்பாடு:
- மதியத்திலிருந்து கீழ்வீட்டு ஆக்னஸ் அக்கா. தையல் வேலை, எங்கே உட்கார்ந்தும் தைப்பார்.
- சோறு, பருப்பு, முட்டை நானே செய்து டப்பாவில்.
- இவருக்குச் சூலியா தெருவில் பணம் மாற்றும் கடையில் வேலை. ஏழு மணிக்கு மேல் வந்து பாப்பாவைக் குளிப்பாட்டித் தூங்க வைக்க வேண்டியது. (தண்ணீரில் பாதி அவர் மேல்தான் விழும்.)
- வெள்ளிக்கிழமை மட்டும் அக்காவுக்கு மாதா கோயிலில் சிலுவைப் பாதை ஜெபம். பாப்பாவையும் கூட்டிப்போவாராம். இவரைக் கேட்டேன். "சாமிதானே, போகட்டும்."

எப்படிக் கிளம்புவது என்பதில் மட்டும் ஊரே ஒரே குரல். அக்காவும் அதேதான். "அது தூங்கறப்பவே நைசா கெளம்பிரு தங்கச்சி. சொல்லிட்டுப் போனா கத்தும்."

அப்படியே செய்தேன். பாப்பா வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். அக்கா மேலே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நான் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு படியிறங்கினேன். சொந்த வீட்டில் திருடப் போனவள் மாதிரி.

மார்ச் 11, செவ்வாய்

மழை. துணி காயவில்லை. மறுபடி பஸ்.

நேற்று லைனில் என் முதல் பரீட்சை. நோன்பு மாதம், லைனில் பாதிப் பேர் மலாய்ப் பெண்கள். நோன்பு திறக்கும் நேரத்திலும் மெஷின் நிற்கக் கூடாது. முன்பெல்லாம் ஒருவர் பின் ஒருவராக அனுப்புவார்கள். கடைசியில் போகிறவள் பாவம், வறண்ட தொண்டையோடு நிற்பாள். நான் தமிழ், சீன ஆட்களை முன்னாலேயே சாப்பிட அனுப்பினேன். நேரம் வந்ததும் எல்லா மெஷினிலும் எங்களையே நிறுத்தினேன். நானும் ஒன்றில். அவர்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து நோன்பு திறந்தார்கள். திரும்பி வரும்போது ரொஹானா அக்கா என் உள்ளங்கையில் ஒரு பேரீச்சம்பழம் வைத்துவிட்டுப் போனார்.

லைன் நிற்கவில்லை. எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து கேட்ட கதை வேறு. பாப்பா எழுந்ததும் அழவில்லையாம், தேடினாளாம். கட்டிலுக்கடியில், குளியலறையில், துணி அலமாரிக்குள். "எல்லா எடமும் பாத்து முடிச்சிட்டுத்தான் அழுதுச்சு" என்றார் ஆக்னஸ் அக்கா. சோறு தொடவில்லை.

முட்டை வாங்க வேண்டும்.

மார்ச் 12, புதன்

கேண்டீனில் எழுதுகிறேன். பஸ்ஸில் எழுத முடியவில்லை, பஸ்ஸே கிடைக்கவில்லை.

பாப்பா தூங்க மாட்டேன் என்றாள். கண் சொக்குகிறது, என் காலரைப் பிடித்த கை விடவில்லை. ஒருவழியாகத் தூங்கினாள். கிளம்பப் பார்த்தால் ஒரு ஷூ இல்லை. நானும் அக்காவும் வீட்டைப் புரட்டிப் போட்டோம். கடைசியில் அரிசி வாளிக்குள்! காலையில் நான் துணி காயப்போட்ட நேரத்தில் நடந்திருக்கிறது. ஷூ இருந்தால்தானே அம்மா போவாள்?

கோபமே வரவில்லை. உண்மையைச் சொன்னால் பெருமை. இரண்டு வயதில் என்ன மூளை! இவர் வீட்டுப் பக்கம் அவ்வளவு கிடையாது.

ஆனால் பஸ் போய்விட்டது. வாடகைக் காரில் பாலம் தாண்டி, தாமதமாக வந்து, ஷூவுக்குள் அரிசி உறுத்த உறுத்த லைனில் நின்றேன்.

சூப்பர்வைசர் கூப்பிட்டார். சீனர், நல்ல மனிதர், கத்த மாட்டார். இந்த ஷிப்டு சரிப்படுமா, இல்லை பழையபடி காலையில் ஆப்பரேட்டராகப் போகிறாயா, வெள்ளிக்குள் சொல் என்றார். பிள்ளை சின்னது, யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள் என்றும் சொன்னார். அந்தக் கனிவுதான் சுட்டது. இந்த மஞ்சள் சட்டையை நான் கழற்ற மாட்டேன். ஆனால் பிள்ளை அலமாரியைத் திறந்து திறந்து பார்க்கிறாளே, அதற்கு என்ன செய்வது?

மார்ச் 13, வியாழன்

புழுக்கம். மறுபடியும் கேண்டீன்.

காலையில் இவரிடம் கேட்டுவிட்டேன். "லீடர் வேணாம்னு சொல்லிரவா?"

ரொட்டியை மென்றுகொண்டே கேட்டார், "நீ என்னா கள்ள வேலையா பாக்கற? ஏன் ஒளிஞ்சி ஒளிஞ்சி போற? புள்ளகிட்ட சொல்லிட்டுப் போ."

"அழுவாளே."

"அழட்டும்லா. தெரிஞ்சிகிட்டு அழட்டும்."

கல்யாணமானதிலிருந்து இந்த மனுஷன் சொன்னதில் ஆக நல்ல வார்த்தை இதுதான். அவரிடம் சொல்லவில்லை, தலைக்கனம் வந்துவிடும்.

பாப்பாவைத் தூங்க வைக்கவில்லை. இடுப்பில் தூக்கிக்கொண்டு அக்காவோடு பஸ் நிற்கிற இடத்துக்கே போனேன். எங்கள் வீட்டில் யாரும் 'போறேன்' என்று சொல்லிக் கிளம்புவது கிடையாது. கடைக்காரரிடம்கூட 'போயிட்டு வரேன்' என்றுதான் சொல்வேன். பெற்ற பிள்ளையிடம் மட்டும் இந்த வாரம் சொல்லவே இல்லை.

"அம்மா வேலைக்குப் போயிட்டு வரேன், பாப்பா."

கத்தினாள். தெருவே திரும்பிப் பார்த்தது. டிரைவர் அண்ணன் தலையை நீட்டி, "பாப்பா, ஒங்கம்மாவ அங்கிளே திருப்பிக் கொண்டாந்து விட்டுர்றேன், சரியா?" என்றார். அவரையும் சேர்த்துத் திட்டினாள், அவள் பாஷையில். பாலம் முடிகிறவரை நானும் அழுதேன். பக்கத்து சீட்டுப் பெண் டிஷ்யூவை நீட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இப்போது அக்காவின் குரல் செய்தி: "தங்கச்சி, அப்பவே அடங்கிட்டா. சோறு கேட்டு வாங்கிச் சாப்ட்டா. அப்பறம் ஒண்ணு. அலமாரிப் பக்கமே போவல."

திரும்பத் திரும்பக் கேட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

காற்று. நல்ல வெயில். பிரேக் முடியப் போகிறது, சுருக்கமாக.

மதியம் பாப்பாவுக்குப் பருப்புச் சோறு ஊட்டினேன். கை கழுவிவிடுவதற்குள் ஓடிவிட்டாள். சத்தமே இல்லை. இன்றைக்கு எந்த வாளியோ என்று எட்டிப் பார்க்கிறேன், இரண்டு ஷூவையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருகிறாள்! என் காலடியில் வைத்தாள், இடம் வலம் மாற்றி. தரையைத் தட்டி என்னை உட்காரச் சொன்னாள்.

பஸ்ஸடியில் உதடு பிதுங்கியது. ஆனால் சொன்னாள். "ம்மா, போய்ட்டு வா."

"சத்தியமா நான் சொல்லிக் குடுக்கல" என்றார் அக்கா. அவருக்கும் கண் கலங்கியிருந்தது. பஸ்ஸில் கைதட்டல். டிரைவர் அண்ணன் தனக்குத்தான் என்று நினைத்துக் கையசைத்தார்.

அக்கா கோயிலிலிருந்து படம் அனுப்பியிருக்கிறார். எல்லோரும் முழங்காலில், இவள் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து பிஸ்கட்.

சற்று முன் சூப்பர்வைசர் வந்தார். "மச்சாம் மானா? போலே?" எப்படி, முடியுமா என்று மலாயில். ஏற்பாடுகளையெல்லாம் வரிசையாகச் சொல்ல மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். வாயில் வந்தது ஒரே சொல்.

"போலே."

தலையாட்டினார். அப்போது அவர் கண் என் காலுக்குப் போயிற்று. கறுப்பு ஷூவின்மேல் மஞ்சளாக ஒரு சின்னக் கை, ஐந்து விரலும் காய்ந்த பருப்பு.

துடைக்கவில்லை.