வண்டியை ஓட்டியது நான்

மாமா,

திங்கட்கிழமை தபால்காரர் வாசலில் நின்று உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். உள்ளேயிருந்து "வந்துக்கினே கீறேன்" என்று உங்கள் குரல் வருமென்று ஒரு கணம் காத்து நின்றேன். பிறகு நானே போய் வாங்கினேன்.

போக்குவரத்து போலீஸ் நோட்டீஸ். கோலார் சாலையில், அறுபதுக்கு மேல் போகக்கூடாத இடத்தில், நம் கார் தொண்ணூற்றாறில் போயிருக்கிறதாம். கேமரா பின்பக்கமிருந்து பிடித்த படத்தையும் வைத்திருந்தார்கள். வண்டி உங்கள் பெயரில் இருப்பதால் குற்றமும் உங்கள் பெயரில்.

முதலில் சிரிப்புதான் வந்தது. நீங்களா வேகமாகப் போகிறவர்? தங்கச் சுரங்கத்தில் கூண்டை ஏற்றி இறக்கும் இன்ஜினை ஓட்டியவர் நீங்கள். மணி மூன்று தரம் அடித்தால் கூண்டில் ஆட்கள் ஏறுகிறார்கள் என்று அர்த்தம். கல்லை ஏற்றும் வேகத்தில் ஆளை ஏற்றக்கூடாது. சுரங்கத்தை மூடிய பிறகும் அந்தப் பழக்கம் உங்களை விடவில்லை. நான் கார் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, முள் ஐம்பதைத் தொட்டால் டேஷ்போர்டில் மூன்று தட்டு. "ஆளு கீதும்மா உள்ள." எத்தனை முறை உங்களிடம் கெஞ்சியிருக்கிறேன்! நம் கோரமண்டல் காலனி முழுக்க உங்கள் மருமகளுக்கு மாட்டுவண்டி என்று பெயர் வாங்கிக் கொடுத்ததே நீங்கள்தான்.

தேதியைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அது அந்த நாள்.

உங்கள் மகன் பெங்களூரில் வேலையில் இருந்தார். ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு துடித்த உங்களைப் பக்கத்து வீட்டுக்காரர்தான் தூக்கிப் பின் சீட்டில் படுக்க வைத்தார். அவர் ஏறுவதற்குள் வண்டியைக் கிளப்பிவிட்டேன். ஊரைத் தாண்டியதும் கதவில் உங்கள் தட்டல் கேட்டது. மூன்று. மறுபடி மூன்று.

"தட்டாதீங்க மாமா! இன்னிக்கு ஒரு நாளு நான் கேக்கமாட்டேன்!"

உங்களிடம் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. நீங்கள் தட்டிக்கொண்டேதான் வந்தீர்கள், நான் மிதித்துக்கொண்டேதான் போனேன். கேமரா இருந்த இடத்தையெல்லாம் தாண்டி, கோலார் ஆஸ்பத்திரி கிட்டத்தில் வந்தபோது சத்தம் நின்றது. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அடக்கம் முடிந்து எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது, பக்கத்துக் காலனி பாலகாட்டிலிருந்து வந்த அண்ணி, உங்கள் மகள், சொன்னார்: "இவ ஓட்டற ஓட்டு நமக்குத் தெரியாதா? வேற யாருனா இட்டுக்கினு போயிருந்தா எங்கப்பா பொழச்சிருப்பாரு." உங்கள் மகன்கூடத் தலை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அண்ணி என்னோடு பேசுவதில்லை.

அப்பா பெயரில் போலீஸ் நோட்டீஸ் என்றதும் அண்ணியால் வீட்டில் இருக்க முடியவில்லை. இன்று ஸ்டேஷனுக்கு என்னோடு வந்தார்.

"ஓனர் தீர்ந்துட்டாரா? டெத் சர்டிபிகேட் ஒரு காப்பி கொடுங்கம்மா, கேஸ் முடிஞ்சிடும்" என்றார் போலீஸ்காரர். உங்கள் மகனும் அதைத்தான் சொல்லி அனுப்பியிருந்தார்.

"அது வேணாம் சார். இதுல அவரு வேகமா ஓட்டினாருன்னு போட்டிருக்கு. அது பொய். ஓட்டுனது நானு. அவரு பேர எடுத்துட்டு என் பேர எழுதுங்க."

"உங்க பேருல வந்தா ஃபைன் கட்டணும், லைசன்ஸ்லயும் ஏறும். இன்னாத்துக்கும்மா வம்பு? சரி, எமர்ஜென்சின்னு எழுதிக் கொடுங்க, மேல அனுப்பிப் பாக்கறேன்."

"எதுனா போட்டுக்குங்க சார். அவரு பேரு மட்டும் அதுல இருக்கக் கூடாது."

அண்ணி மேஜைமேல் இருந்த நோட்டீஸை வெடுக்கென்று இழுத்தார். "தொண்ணூத்தாறா?" என்றார். படத்தைக் கண்ணருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். "அப்பா எங்க?"

"பின் சீட்டுல அண்ணி. தட்டிக்கினே வந்தாரு."

எந்தத் தட்டல் என்று அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, அத்தனை பேர் நடுவிலும் அழுதார். நான் எழுதிக் கொடுக்கும்வரை என் முழங்கையை விடவேயில்லை.

திரும்பி வரும்போது முள் ஐம்பதைத் தொட்டதும் என் கால் தானாக மேலே வந்தது. "கொஞ்சம் வேகமா போனா இன்னா?" என்றார் அண்ணி. முடியவில்லை.

அந்தப் படத்தின் பிரதியைக் கேட்டு வாங்கிவந்தேன் மாமா. பின் கண்ணாடி வெறும் கறுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கறுப்புக்குள் நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள், என்னைத் திட்டித் தட்டிக்கொண்டு. இன்னொரு தடவை அந்த நாள் வந்தாலும் நான் கேட்கமாட்டேன். நீங்கள் தட்டிக்கொண்டே வாருங்கள். அது நிற்காமல் இருந்தால் போதும்.