மூன்றாவது போர்டு

9 அக்டோபர் 2006, திங்கள்

கம்பெனி சுவரில் இன்று மூன்றாம் முறையாகப் பெயர் எழுதினார்கள். பெயிண்டர் ஏணி மேல் நின்று, இங்கிலீஷில் பழைய பழக்கத்தில் ‘பாண்டிச்சேரி’ என்று எழுதிவிட்டார். பிறகு, “அடச்சே, ஊர் பேரையும்தான் மாத்திட்டாங்க” என்று அதையும் அழித்துப் ‘புதுச்சேரி’ போட்டார். கேட்டில் நின்ற எல்லாரும் சிரித்தோம். நான் மட்டும் அழித்த இடத்தையே திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

நான் சேர்ந்தபோது முதலாளியாகப் பெரிய முசியே இருந்தார். அவருடைய அப்பா சைகோனில் சம்பாதித்து வந்த பணத்தில், தட்டாஞ்சாவடியில் இரண்டே மெஷினோடு கியர் செய்யத் தொடங்கியவர். தீபாவளிக்கு எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுத் துணி கொடுப்பார். அவர் போனதும், பாரிசில் இருக்கும் பிள்ளைகள் பூனாக்காரர்களிடம் விற்றார்கள். பூனாக்காரர்கள் கேண்டீனில் தயிர்சாதத்தை நிறுத்தியது தவிர வேறெதையும் தொடவில்லை. அவர்களும் இப்போது ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்குக் கைமாற்றிவிட்டுப் போய்விட்டார்கள். மாடு வாங்குகிறவன்கூட பல்லைப் பிடித்துப் பார்த்துத்தான் வாங்குவான். எங்களை யார் வந்து பார்த்தார்கள்?

என் வீட்டுக்காரருக்கு மில் மூடியதிலிருந்து வேலை இல்லை. வீட்டுக்கு வருகிற ஒரே சம்பளம் என் சம்பளம். மகள் இனியா இப்போதுதான் காலேஜில் முதல் வருஷம். அவள் படிப்பு முடிகிற வரைக்கும் அந்த கேட் திறந்திருக்க வேண்டும். அதற்கு மேல் எந்தச் சாமியிடமும் நான் எதையும் கேட்கவில்லை.

17 நவம்பர் 2006, வெள்ளி

புது மேனேஜர் கேண்டீனில் எல்லாரையும் உட்கார வைத்துப் பேசினார். சூப்பர்வைசர் அரிகிருஷ்ணன் சார் தமிழில் சொன்னார். இதே கியர் செய்கிற இன்னொரு கம்பெனி வடக்கே அவர்களுக்கு இருக்கிறதாம். இரண்டில் எது நன்றாக ஓடுகிறதோ அதில்தான் பணம் போடுவார்களாம்.

சாயந்தரம் கேட்டில் யூனியன் கூட்டம். தலைவர் ராமலிங்கம் அண்ணன் தொண்டை கட்டக் கட்டப் பேசினார். “நம்ம கியரு ஒரு வாரம் போவலன்னா அத வாங்கற டிராக்டர் கம்பெனி லைனே நின்னுபூடும். அந்த பயம் இருக்கறவரைக்கும் நம்மள எவனும் அசைக்க முடியாது. ஆனா இப்ப சண்ட வேணாம். பாண்டிக்காரன் எப்பிடி வேல செய்வான்னு காட்டுவோம்.” பத்து நிமிஷ டீ நேரத்துக்காகப் பூனாக்காரர்களோடு மல்லுக்கு நின்ற ஆட்கள், சாப்பாட்டு நேரத்திலும் மெஷின் நிற்காமல் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டார்கள். நானும் கை வலிக்கத் தட்டினேன்.

வீட்டில் சொன்னேன். இவர் ஒன்றுதான் கேட்டார். “வடக்க இருக்கற கம்பெனியில போயும் இதையேதான சொல்லியிருப்பான்?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலைக்குப் போகிறவள் நான், கேள்வி கேட்பது இவர்.

12 ஜனவரி 2007, வெள்ளி

ஞாயிற்றுக்கிழமையும் ஷிப்ட். பொங்கலுக்கு வாங்கப் பெரிய மார்க்கெட் போக நேரமில்லை. இவர் போய் வாங்கி வந்தார். மஞ்சள் கொத்து வாடல், கரும்பு சவசவ.

20 பிப்ரவரி 2007, செவ்வாய்

எங்கள் ஊர்க் காற்றில் உப்பு. காலையில் பளபளவென்று வருகிற கியர், சும்மா வைத்தால் மறுநாள் செம்மண் பூசியது போல ஆகிவிடும். போதாததற்கு என் பக்கத்து மேஜை அஞ்சலாட்சியின் கை வேறு. அவள் வெறுங்கையால் தொட்டால் ஐந்து விரலும் அப்படியே துரு பிடித்து நிற்கும். உடம்பு வாகு. பாவம், சித்திரை வெயிலிலும் உறையை மாட்டிக்கொண்டுதான் வேலை செய்வாள். அதனால் பல் சரிபார்த்து முடித்த கியரை ஒரு முறை லேசான எண்ணெயில் முக்கிப் பெட்டியில் வைத்துச் சீல் குத்துவேன். மறுநாள் லாரி வந்து எடுத்துப் போய்விடும், அதுவே போதும்.

இன்று வேறு எண்ணெய் டிரம் வந்து இறங்கியது. கறுப்பாய், கெட்டியாய், கையில் பட்டால் மண்ணெண்ணெய் போட்டால்தான் போகிறது. அதில் முக்கி, இரண்டு சுற்றுக் காகிதம், அதன்மேல் பிளாஸ்டிக் கவர். அரிகிருஷ்ணன் சாரிடம் கேட்டேன். “எதுக்கு சார் இத்தினி?”

“எக்ஸ்போர்ட்டும்மா. கப்பல்ல போவுது.”

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கப்பலில் சரக்கு அனுப்புகிற கம்பெனியை யாராவது மூடுவார்களா? செக்‌ஷன் முழுக்க நான்தான் போய்ச் சொன்னேன்.

இவரிடமும் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

“எல்லாமா கப்பல்ல போவுது?”

“ஆமா. டிராக்டர் கம்பெனிக்குப் போவறது போவ மீதி எல்லாம்.”

“கப்பல நீ பாத்தியா?” பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, “மில்லு மூடறதுக்கு முன்னாடி குடோன் கொள்ளாம துணி கெடந்துச்சு கமலம். நாங்கதான் நெய்ஞ்சோம்” என்றார்.

“ஒங்க மில்லு மூடிச்சின்னா ஊர்ல இருக்கறதெல்லாம் மூடணுமா? ஒங்க வாயில நல்ல வார்த்தயே வராதா?”

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். நான் கூப்பிடவில்லை. அவர் சொன்னது தவறாகவே இருக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பாத்திரம் கழுவினேன்.

23 பிப்ரவரி 2007, வெள்ளி

இவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. இனியா நடுவில் தூது போய்க்கொண்டிருக்கிறாள்.

5 ஏப்ரல் 2007, வியாழன்

கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து இவ்வளவு உற்பத்தி இருந்ததே இல்லையாம். ஆளுக்கொரு ஸ்வீட் பாக்ஸ், ஒரு சுவர்க் கடிகாரம். மேனேஜர் பெண்களுக்கும் கை கொடுத்தார். என் நகக்கண்ணில் அந்தக் கறுப்பு எண்ணெய். கொடுக்கக் கூச்சமாக இருந்தது, ஆனாலும் கொடுத்தேன். ராமலிங்கம் அண்ணன் கண்ணில் தண்ணீர். “வடக்கத்திக்காரன் பக்கத்துல வர முடியாதுடா” என்று எல்லாரையும் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

கடிகாரத்துக்கு இவர் ஆணி அடித்துக் கொடுத்தார்.

11 மே 2007, வெள்ளி

மூடிட்டாங்க.

காலை ஷிப்டுக்குப் போனா கேட்டுல பூட்டு. நோட்டீஸ் ஒட்டியிருக்கு. ஆர்டர் எல்லாத்தையும் வடக்க மாத்திட்டாங்களாம். கடிகாரம் குடுத்து ஒரு மாசம்தான ஆவுது? கை குடுத்தானே அந்த ஆளு — குடுக்கும்போதே தெரியும்தான அவனுக்கு? சிரிச்சிக்கினே குடுத்தானே.

இனியாவிடம் இன்னும் சொல்லவில்லை.

14 மே 2007, திங்கள்

கேட்டுக்கு எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்திருக்கிறோம். ராமலிங்கம் அண்ணன் மட்டும் கலங்கவில்லை. “பயப்படாதீங்க. பத்து நாளு. கியரு இல்லாம டிராக்டர் கம்பெனிக்காரன் அலறிக்கினு ஓடி வருவான். அவன் வந்தா இவனுங்க கேட்ட தொறந்துதான் ஆவணும்.” அவர் செல்போன் அடிக்கும்போதெல்லாம் பந்தலே திரும்பிப் பார்க்கிறது.

2 ஜூன் 2007, சனி

யாரும் அலறிக்கொண்டு ஓடி வரவில்லை.

அஞ்சலாட்சி திண்டிவனத்தில் ஒரு சாவுக்குப் போய்விட்டுப் பஸ்ஸில் திரும்பி வந்தாள். எல்லையில் இருக்கிற கோரிமேட்டுக்கு முன்னாலேயே இறங்கி ஆட்டோ பிடித்து நேராகப் பந்தலுக்கு ஓடி வந்தாள். “அக்கா, நம்ம பொட்டிக்கா. ஒரு குடோனு முழுக்க நம்ம பொட்டி. லாரியில ஏத்திக்கினு இருக்கானுங்க.”

எல்லாரும் போனோம். எல்லை தாண்டி, தமிழ்நாட்டுப் பக்கம், நெல் மண்டி மாதிரி ஒரு பெரிய ஷெட். கூரை முட்ட எங்கள் பெட்டிகள். அத்தனையிலும் நான் குத்திய சீல். ஓரத்தில் கிழிந்திருந்த ஒன்றில் விரலை விட்டுப் பார்த்தேன். அதே கெட்டி எண்ணெய், துளி துரு இல்லை. லாரி டிரைவரிடம் எங்கே போகிறது என்று கேட்டோம். டிராக்டர் கம்பெனி பெயரைச் சொன்னார். வாரா வாரம் எடுக்கிறாராம். எந்தக் கப்பலும் இல்லை.

ராமலிங்கம் அண்ணன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். பிறகு அவரை எழுப்பி லேபர் ஆபீசில் ஒரு அதிகாரியைப் போய்ப் பார்த்தோம். குடோன் அந்த மாநிலத்தில் இருக்கிறது, எங்கள் எல்லை இல்லை என்றார்.

நாம நின்னா லைன் நிக்கும்னு இருந்தோம். வடக்க மெஷின் ஓட ஆரம்பிக்கற வரைக்கும் லைன் நிக்காம இருக்க நாமளே செஞ்சி அடுக்கி வெச்சிட்டோமே. சோறு திங்காம, பண்டிக பாக்காம, துரு புடிக்காம பாத்துப் பாத்து எண்ணெய் பூசி — இந்தக் கையாலதான. யார நான் போய்க் கேக்கறது?

வீட்டுக்கு வந்து சுவர் ஓரம் உட்கார்ந்தேன். இவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். “நான் அப்பவே சொன்னேன்” என்று சொல்லுவார் என்று பார்த்தேன். சொல்லவில்லை. “நாங்களும் ரெண்டு ஷிப்ட் ஓட்டுனோம் கமலம்” என்றார். அவர் மேல் இத்தனை வருஷம் இருந்த கோபம் போய்விட்டது. அது இருந்திருந்தாலாவது பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று இருந்திருக்கும்.

16 ஜூலை 2007, திங்கள்

மெஷின்களை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மறித்துப் படுக்கலாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். யாரும் படுக்கவில்லை. வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டு, அவர்கள் கொடுத்த பணத்தை வாங்கிக்கொண்டோம். ராமலிங்கம் அண்ணன் கடைசியாகப் போட்டார்.

இனியா நேரு வீதியில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். “அடுத்த வருஷம் படிச்சிக்கறேம்மா. காலேஜி எங்கயும் ஓடிப்போவாது.” வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லவில்லை. நான் சொல்லாததை அவளும் கவனித்தாள்.

30 ஆகஸ்ட் 2007, வியாழன்

எதற்குக் காலையில் எழுந்திருக்கிறேன் என்று தெரியவில்லை. எழுந்து உட்கார்ந்திருக்கிறேன்.

22 நவம்பர் 2007, வியாழன்

ஐப்பசியில் இவருக்கு வேலை கிடைத்தது. ஏதோ செக்யூரிட்டிக் கம்பெனி மூலமாக, வாட்ச்மேன் வேலை. எங்கே போட்டிருக்கிறார்கள் என்று இரண்டு நாள் என்னிடம் சொல்லவில்லை. எங்கள் கம்பெனியில்தான். காலி ஷெட்டுக்குக் காவல். இனியா சம்பளத்தோடு இதுவும் சேர்ந்துதான் இப்போது அடுப்பு எரிகிறது.

இன்று மழை. சாப்பாடு எடுத்துக்கொண்டு முதல் முறையாக நானே போனேன். யாருடைய உடம்புக்கோ தைத்த சட்டையில் ஓடி வந்தார். கேட்டைத் திறப்பார் என்று நினைத்தேன். கம்பிக்கு அந்தப் பக்கமே நின்றார்.

“வெளியவே நில்லு கமலம். பழைய ஆளுங்க யாரையும் உள்ள விடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க.”

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். கோபம் வரவில்லை. அவர் வேலையை அவர் செய்கிறார். டிபன் கேரியரை ஒவ்வொரு அடுக்காகக் கழற்றிக் கம்பி வழியாகக் கொடுத்தேன். அவர் உள்ளே நின்று சாப்பிட்டார். நான் வெளியே குடை பிடித்துக்கொண்டு நின்றேன்.

நாளைக்கு யாரோ கட்டடக்காரர் இடத்தைப் பார்க்க வருகிறாராம். பிடித்திருந்தால் ஷெட்டை இடித்துவிட்டு மனை போட்டு விற்பாராம்.

“வித்துட்டா?” என்றேன்.

“வெறும் மனைக்கு எதுக்கு வாட்ச்மேனு?” என்றார்.

வரும் வழியில் பிள்ளையார் கோயிலில் நின்று, அந்த கேட் பூட்டியே கிடக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வந்தேன்.