உன் சிரிப்பையும் சேர்த்து அழித்தேன்

டேய்,

உன் மடிக்கணினியை இப்போதுதான் முடுக்கினேன். விசிறி சுற்றத் தொடங்கியதும் பக்கவாட்டு ஓட்டையிலிருந்து சாம்பிராணி வாசம் வந்தது. உன் அம்மா, அதாவது ஆன்டி, இதை உன் படத்துக்குக் கீழே வைத்துக் காலையும் மாலையும் புகை காட்டியிருக்கிறார். அதனால் இது சூடேறும்போதெல்லாம் கிள்ளானில் இருக்கும் உன் வீட்டு ஹாலை எங்கள் பிரிக்பீல்ட்ஸ் அறைக்குள் ஊதிவிடுகிறது.

நேற்று உன் தங்கச்சி கொடுத்தனுப்பினாள். “எல்லாம் ஓகே அண்ணே. சத்தம்தான் வரல” என்றாள். புதிதாக இயங்குதளம் போட்டவன் ஒலியை இயக்கும் டிரைவர் நிரலைப் போட மறந்திருக்கிறேன். இந்த ஒரு மெஷினில், இந்த ஒன்றைப் போய் மறந்திருக்கிறேன் பார். இதை வைத்து ஒரு ஜோக் அடிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை. எனக்கும் டிரைவர் போய்விட்டது போல.

நடந்ததை உன்னிடம் சொல்லியாக வேண்டும். நீ இருந்திருந்தால் முதலில் உன்னிடம்தான் சொல்லியிருப்பேன். நீ இருந்திருந்தால் நடந்தே இருக்காது.

நாங்கள் பிரிக்பீல்ட்ஸுக்கு வீடு மாறுவதற்கு முந்தின வாரம், உன் வீட்டுப் பக்கத்து மாமாக் தேநீர்க் கடையில் தே ஓ ஐஸ் குடித்துக்கொண்டிருந்தோமே, ஞாபகமிருக்கிறதா? நீ திடீரென்று பெரிய மனுசன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாய்: “மச்சான், நான் முதல்ல போயிட்டா என் லேப்டாப்ப ஃபார்மட் போட்டுடு. அம்மா பார்க்கக் கூடாது.”

“நான் முதல்ல போயிட்டா?”

“உன்னுத திறந்தே பார்க்க மாட்டேன். நேரா கிள்ளான் ஆத்துல போட்டுடுவேன். மீனுங்க கெட்டுப் போனா நான் பொறுப்பில்ல.”

சிரித்துச் சிரித்து உனக்குப் புரையேறியது. கடைக்கார அண்ணன் வந்து முதுகில் தட்டினார்.

அப்புறம் உனக்கு டிங்கிக் காய்ச்சல் வந்தது. நீ ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதும் நான் திருந்தவில்லை. “உன்னைக் கடிச்ச கொசு பக்கத்து வார்டுல அட்மிட்டாம்” என்று செய்தி அனுப்பினேன். நீ ஒரு சிரிப்பு முகத்தைத் திருப்பி அனுப்பினாய். அதற்குப் பிறகு உன்னிடமிருந்து எதுவும் வரவில்லை.

பதினாறாம் நாள் படையலில் வடை பாயசத்தோடு உனக்குப் பிடித்த நாசி லெமாக் பொட்டலத்தையும் வைத்திருந்தார்கள். எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, ஆன்டி படத்தடியிலிருந்து இதை எடுத்து என் கையில் கொடுத்தார்.

“தங்கச்சிக்கு ஸ்கூலுக்கு வேணுமாம்பா. தொறந்தா அப்படியே நின்னுடுது. நீதான் கம்ப்யூட்டர் பூச்சியாச்சே, சுத்தம் பண்ணிக் குடு. ஆனா தம்பி, அவன் பேசினது ஏதாச்சும் உள்ள இருந்தா எடுத்து வெச்சிரு. போன்ல ஒண்ணுமே இல்ல. எழுதித்தான் அனுப்புவான், வாய்ஸ் அனுப்பவே மாட்டான். எனக்கு அவன் குரல் மறந்துடும் போல இருக்கு.”

“கண்டிப்பா ஆன்டி” என்றேன். நல்ல பிள்ளை.

வீட்டுக்கு வந்து திறந்தேன். கடவுச்சொல் எனக்குத் தெரியும். அந்தக் கெட்ட வார்த்தையை உனக்குத் தேர்ந்து கொடுத்தவனே நான்தானே. படங்கள் இருந்தன, பள்ளிப் பயிற்சிகள் இருந்தன. உன் குரல் இருந்த இடம் ஒன்றே ஒன்று. நாம் பதிவு செய்து சேர்த்துவைத்த ‘அம்மா எஃப்எம்’.

அம்மாவின் பேச்சு நிற்காத ஒலிபரப்பு என்று நீதான் அந்தப் பெயரை வைத்தாய். நீ அறிவிப்பாளர். நான் உன் அம்மா. பள்ளியிலிருந்து ஆசிரியர் அழைத்தால் ஆன்டியின் குரலில் தேன் ஊறும். “யா, சிக்கு. பாய்க், சிக்கு. திரிமா காசே, சிக்கு.” ஆசிரியரை மலாயில் சிக்கு என்று கூப்பிட்டு அவ்வளவு குழைந்துவிட்டு, போனை வைத்த மறுநொடி, “டேய் எரும! வாடா இங்க!” அந்தச் சிக்குவிலேயே நம்மைச் சிக்க வைத்துவிடுவார் என்று சொல்லிச் சொல்லி நடிப்பேன். உன் சிரிப்பு முதலில் மூக்கில் விசில் அடிக்கும். பிறகு மேசையில் கையடிக்கும் சத்தம். பிறகு, “ஐயோ போதும்டா, வயிறு வலிக்குதுடா.”

எல்லாப் பதிவிலும் அப்படித்தான். என் கேலி ஓடும், அதன் மேல் உன் சிரிப்பு ஏறும். வெட்டிப் பிரிக்க வழியில்லை. ஒன்றில், நம் பரீட்சைக்காக ஆன்டி சாமி படத்தின் முன் நின்று வேண்டிக்கொள்வதைக்கூட நடித்திருந்தேன், மூக்கை உறிஞ்சும் சத்தத்தோடு. அதில்தான் நீ அதிகமாகச் சிரித்திருந்தாய்.

பிள்ளையை இழந்தவர் இதைக் கேட்பதா? இனி அந்த வீட்டு வாசலை எப்படி மிதிப்பேன்? அப்போதுதான் உன் பேச்சு வசதியாக நினைவுக்கு வந்தது. ஃபார்மட் போட்டுடு மச்சான். ஃபார்மட் போட்டால் மேட்டர் முடிந்தது. நண்பனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கே கதை விட்டேன். காப்பாற்றிக்கொண்டது என்னைத்தான்.

படங்களையும் பயிற்சிகளையும் ஒரு பென்டிரைவில் எடுத்துவைத்தேன். பிறகு ஹார்ட்டிஸ்க்கை முழுக்க அழித்தேன். சும்மா மேலோட்டமாக இல்லை. யாரும் திரும்ப எடுக்க முடியாதபடி ஒவ்வொரு இடத்திலும் பூஜ்யத்தை எழுதிக்கொண்டே போகும் ஒரு முறை இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுத்தேன். அது முடிய வெகுநேரம் ஆனது. நடுவில் நிறுத்தியிருக்கலாம். நான் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு எல்லாம் சுலபம். இயங்குதளத்தை ஏற்றினேன். அதுவாகவே அணைந்து, அதுவாகவே எழுந்து, எந்த நாடு, எந்த விசைப்பலகை என்று மரியாதையாகக் கேட்டது. கடைசியாக, இந்தக் கணினியை யார் பயன்படுத்தப் போகிறார்கள் என்று கேட்டது. உன் பெயரின் முதல் எழுத்துக்கு விரல் தானாகப் போனது. அடித்துவிட்டு, அழித்துவிட்டு, தங்கச்சி பெயரைப் போட்டேன்.

கொமுட்டர் ரயிலில் கிள்ளானுக்குக் கொண்டுவந்து கொடுத்தேன். ஆன்டி கையைத் துடைத்துக்கொண்டு அடுப்படியிலிருந்து வந்தார்.

“எடுத்தியாப்பா?”

“போட்டோ எல்லாம் இந்தப் பென்டிரைவ்ல இருக்கு ஆன்டி. வாய்ஸ் ஒண்ணும் இல்ல.”

அறைக்குள்ளிருந்து தங்கச்சி கத்தினாள். “பொய்! அம்மா எஃப்எம் இருக்கும்லா! அண்ணன் ஞாயித்துக்கிழமையானா அம்மாவுக்குப் போட்டுக் காட்டுவான்!”

“ஆமாப்பா, அதத்தான் கேட்டேன்” என்றார் ஆன்டி. “நான் சிக்குகிட்ட பேசுறது. என்னை மாதிரியே பேசுவியே நீ. சாமி கும்பிடுறது இன்னும் நல்லா இருக்கும். அந்தப் பய விழுந்து விழுந்து சிரிப்பான்.”

ஏன்டா என்னிடம் சொல்லவில்லை? அம்மா பார்க்கக் கூடாது என்று எனக்கு ஆணை போட்டுவிட்டு, நீ ஞாயிறுதோறும் அவருக்கே ஒலிபரப்பிக்கொண்டிருந்தாயா? எனக்கு எதிராக நீ செய்த சேட்டைகளிலேயே பெரியது இதுதான்.

“இன்னொரு தடவ தேடிப் பார்க்கிறேன் ஆன்டி” என்று உளறிவிட்டு, கணினியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எங்கள் வீட்டுக்கு அருகில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் போனேன். அவர் எதையெதையோ ஓடவிட்டுப் பார்த்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஒரு துளிகூட மிச்சமில்ல பாஸ். இவ்ளோ சுத்தமா அழிச்சிருக்கே? போலீஸ் தேடுதா?”

மறுநாள் திரும்பிப் போனேன். ஆன்டி சோற்றுப் பானையைத் திறந்து கிளறிக்கொண்டிருந்தார். அவர் முதுகைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. இருந்தது, நான்தான் அழித்தேன், நீங்கள் கோபப்படுவீர்கள் என்று பயந்து அழித்தேன், தேடியும் கிடைக்கவில்லை. வாக்கு, ஃபார்மட் என்ற கதையையெல்லாம் சொல்லவில்லை. அந்த அளவுக்காவது வெட்கம் மிச்சமிருந்தது.

அவர் திரும்பவில்லை. கரண்டி மட்டும் நின்றது.

“கோவம் வந்தா ரெண்டு அறை விட்டிருப்பேன்பா” என்றார். “அவன் குரல் இருந்திருக்கும்ல?”



அவர் முகம் கழுவிவிட்டு வந்து எனக்கும் ஒரு தட்டு வைத்தார். சாப்பிட்டோம். தட்டை எடுக்கும்போது, “சரி, பேசு” என்றார்.

“என்ன ஆன்டி?”

“நான் சிக்குகிட்ட பேசுறத. பேசு.”

தங்கச்சி வாய் பிளந்து என்னைப் பார்த்தாள். நான் எழுந்து நின்று, இல்லாத போனைக் காதில் வைத்தேன். யா, சிக்கு. பாய்க், சிக்கு. குரல் எங்கெங்கோ உடைந்தது. சீக்கிரம் முடித்துவிட்டு உட்கார்ந்தால் போதும் என்று டேய் எருமைக்குத் தாவி, அதைத் தாண்டியும் ஓடினேன்.

“நில்லு” என்றார் ஆன்டி. “அங்கதான் அவன் சிரிப்பான். சிரிச்சு முடிக்கிற வரைக்கும் நீ நிப்பே. இப்ப மட்டும் எங்க ஓடுறே?”

நின்றேன். ஹாலில் காற்றாடி சுற்றியது. கீழே யாரோ மோட்டார்சைக்கிளை உதைத்தார்கள். ஆன்டி கண்ணை மூடி, உதட்டைக் கடித்துக்கொண்டு, எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கும் மூக்கில் அடிக்கும் அந்த விசில் கேட்டது. அல்லது கேட்க வேண்டும் என்று அவ்வளவு ஆசையாக இருந்தது.

“ம்” என்றார். “இப்ப பேசு.”

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன். அவர் கேட்டால் பேசுகிறேன். மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆனால் நீ எங்கெங்கே சிரிப்பாய், எவ்வளவு நேரம் சிரிப்பாய் என்பதெல்லாம் எனக்கு இப்போது மனப்பாடம்.

அது வெளியிலும் கூடவே வருகிறதடா. பள்ளியில் பசங்களிடம் ஏதாவது அடித்துவிடும்போது, நீ சிரித்திருக்கக்கூடிய இடத்தில் வாய் தானாக நின்றுவிடுகிறது. “என்னடா, ஹேங் ஆயிட்டே?” என்று கேட்கிறார்கள். இல்லை என்று தலையாட்டிவிட்டு, நீ முடிக்கும்வரை நிற்கிறேன்.