மாலை கழற்றிய நாள்

24.12.1995, ஞாயிறு

அப்பாடா, முடிந்தது விரதம்! கல்யாணமான நாலாம் மாதமே இவர் சபரிமலைக்கு மாலை போட்டுவிட்டார். அன்றிலிருந்து இவருக்கு வாசலறையில் தனிப்பாய், எனக்கு உள்ளறை. கூப்பிடுவதும் ‘சாமி’ என்றுதான்.

இன்று மலையிலிருந்து திரும்பினார். அத்தை தேங்காய் உடைத்து மாலையைக் கழற்றினார். நான் பழக்கதோஷத்தில், “சாமி, காப்பி கொண்டாரட்டுங்களா?” என்று கேட்டுவிட்டேன்.

அத்தை சிரித்தார். “இனி சாமி இல்ல கண்ணு, உன்ற ஊட்டுக்காரன்.”

எனக்கு முகமெல்லாம் சூடு. டம்ளரை வாங்கும்போது இவர் மெதுவாகச் சொன்னார்: “அங்க ஐயப்பனுக்காகக் காத்திருக்கற மாளிகைப்புறத்தம்மனைக் கும்பிட்டப்ப, உன்ற நெனப்புத்தான் அம்மணி.”

சந்நிதியில் அப்படி நினைத்தது பாவமா? பாவமென்றால் பாதி எனக்கும் சேரட்டும். பாவம் அந்த அம்மன், இன்னும் எத்தனை காலம் காத்திருப்பாளோ! என்னால் முடியாது. இதோ, வாசலறையில் பாய் சுருட்டும் சத்தம்