பாதியில் நின்ற கறுப்பு வெள்ளைப் படம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் இருமல் தேவலையா? அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? பயத்தில் தூக்கம் வராமல் விடுதிப் போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன்.

நீங்கள் புகழ்ந்த அந்தப் பழைய மர்மப் படத்தை இன்று சாப்பாட்டுக் கூடத்தில் போட்டார்கள். "கலர்கூட இல்ல, இதுல என்னடி பயம்?" என்று எல்லோரும் சிரித்தார்கள். படத்தில் மாடிப்படியில் நிழல் இறங்கியதும் சிரிப்பு நின்றுவிட்டது. கொலைகாரன் முகத்தைத் திருப்பும் நேரத்தில் வார்டன், "மணியாச்சு, மிச்சம் அடுத்த சனிக்கிழமை" என்று அணைத்துவிட்டார்.

இதுவரை என்னோடு பேசாத பக்கத்துக் கட்டில்காரி, "ஏய் புதுசு, பாத்ரூமுக்குத் துணைக்கு வர்றியா?" என்றாள். கைகோத்துக்கொண்டு போனோம். கொலைகாரன் டாக்டரா, தோட்டக்காரனா என்று வழியெல்லாம் சண்டை.

பார்க்க வேண்டிய படம்தான் அப்பா. டார்ச்சுக்கு பேட்டரி அனுப்புங்கள். போன கடிதத்தில் என்னை வந்து அழைத்துப்போகச் சொன்னேனே, இப்போதைக்கு வேண்டாம். முடிவை மட்டும் எழுதிவிடாதீர்கள், நாங்களே கண்டுபிடிக்கிறோம்.

வார்டன் செருப்புச் சத்தம் கேட்கிறது.

உங்கள் சின்னக்குட்டி